பழைய ஜிப்ஸியா, பழைய தாரா? வேலைக்கு எது உதவும்?

வால்பாறையில் எஸ்டேட் சூப்பர்வைசர், கொல்லிமலையில் மிளகு வியாபாரி, கூடலூர்ப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துபவர்: மழைக்காலத்து மண்பாதையில் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் இவர்களுக்குப் பிழைப்பு ஓடாது. கையில் ஐந்து லட்சம் இருந்தால், பழைய வண்டிச் சந்தையில் முதலில் கண்ணில் படுவது மாருதி ஜிப்ஸியும் பழைய மஹிந்திரா தாரும்தான். ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, தினமும் வண்டியில் என்ன ஏறப்போகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

ஆள் மட்டும் என்றால் ஜிப்ஸி

ஜிப்ஸி கிங் 1.3 லிட்டர் பெட்ரோல் வண்டி. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். சேற்றில் அதிகம் புதையாது. குறுகலான எஸ்டேட் பாதையில் சுலபமாகத் திரும்பும். ஓரிருவர் ஏறி ஃபீல்டைச் சுற்றிவர இது போதும். ஆனால் மூட்டை ஏற்றினால் மேட்டில் திணறும், பெட்ரோலும் நிறையக் குடிக்கும். தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பதால், உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

சுமை என்றால் தார்

2010 முதல் 2020 வரை வந்த தாரில் சி.ஆர்.டி.இ. மாடலைத் தேடுங்கள். 2.5 லிட்டர் டீசல், 247 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஜிப்ஸியைப் போல் இரு மடங்குக்கும் மேல். 2015-க்குப் பிந்தைய சி.ஆர்.டி.இ. வண்டிகளில் பின்பக்க டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் வெறுமனே சுழன்றால் மற்றது இழுத்துவிடும். ஆனால் இன்ஜெக்டர், பம்ப் என்று வந்தால் செலவு பெரிது. இன்னொன்று, தார் என்றாலே ஃபோர் வீல் என்று நம்பிவிடாதீர்கள். டி.ஐ. என்ற இன்னொரு தார் மாடலில் டூ வீல் டிரைவும் உண்டு.

ஓட்டிப் பார்க்கும்போது

* காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணுங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது.
* ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போட்டுத் திருப்பாதீர்கள், ஃபோர் வீல் அமைப்பு இறுகும். மண்ணில் சோதியுங்கள். லோ ரேஞ்சில் இறக்கத்தில் விட்டுப் பாருங்கள். லீவர் தானாக நழுவினால் அந்த வண்டியே வேண்டாம்.
* தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். லீஃப் பட்டை சேசிஸில் சேரும் இடத்தைச் சாவியால் தட்டுங்கள். துரு உதிர்ந்தால், புதுப் பெயின்ட் எதையோ மறைக்கிறது.
* டயரில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். நான்கு டயரும் ஒரே அளவில் இல்லையென்றால் ஃபோர் வீல் அமைப்பு தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

பேப்பர்

சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு; அதற்குப்பின் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வயதான ஜிப்ஸியில் இதுதான் முதல் கேள்வி. கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெரிய டயர், மாற்றிய பாடி என்று இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கும். சுற்றுலாப் பயணிகளை வாடகைக்கு ஏற்றப்போகிறீர்களா? வெள்ளை போர்டு செல்லாது. பெர்மிட் கேட்டு விசாரித்த பிறகே வாங்குங்கள்.

ஐந்து லட்சம் இருந்தால் வண்டிக்கு நான்கு. மீதி டயர், கிளட்ச், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றத்துக்கு. அந்த நான்குக்குள் நல்ல தார் அமையாவிட்டால், தேய்ந்த தாரைக் கட்டி இழுப்பதைவிட நல்ல ஜிப்ஸியை எடுத்து, மூட்டைக்கு மட்டும் வாடகை வண்டி பிடிப்பது லாபம்.