சோதனைக் கருவியிலேயே பிழை இருந்தால்…

ஒரகடம் சிப்காட்டில் நோக்கியாவின் தொழிற்சாலை தொலைத்தொடர்புக் கருவிகளைத் தயாரிக்கிறது. மென்பொருள் சோதனைக்குப் பரவலாகப் பயன்படும் ரோபாட் ஃபிரேம்வொர்க்கும் நோக்கியாவில் பிறந்ததுதான். பின்லாந்தின் பெக்கா கிளார்க் தன் ஆய்வேட்டில் வகுத்த யோசனை 2005இல் அங்கே கருவியாக உருவெடுத்தது. 2008இல் திறமூலமாக வெளிவந்தது.

தயாரிப்பு லைனில் பொருள்களைச் சோதிக்கும்போது, ஷிஃப்ட் நடுவே இந்தக் கருவி முரண்டு பிடித்தால், அந்த ஒரு கணினியில் மட்டும் நிரலைத் திருத்திவிட்டு லைனை ஓட்டத் தோன்றும். அடுத்த பதிப்பை நிறுவியதும் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். மூலத் திட்டத்துக்கே அனுப்பினால் நிலைக்கும், மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில், அது பிழைதானா என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, சோதனையிலும் 12 என்றே இருக்கிறது, ஆனாலும் 'ஷுட் பி ஈக்வல்' தோற்கிறது. பிழைச் செய்தியை முழுவதும் வாசித்தால் விடை அங்கேயே இருக்கும்: ஒன்று எண், மற்றது எழுத்துச்சரம். சோதனைக் கோப்பில் வெறுமனே எழுதும் எதையும் இந்தக் கருவி எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். அது பிழையல்ல, அதன் இயல்பு.

அடுத்தது பதிப்பு: கோளாறு புதிய பதிப்பில் ஏற்கெனவே சரியாகியிருக்கலாம். 2021இல் வந்த 4.0 'இஃப்' கட்டளையைத் தந்தது, 2022இன் 5.0 'ட்ரை–எக்செப்ட்' தந்து, கருவி எழுதப்பட்டுள்ள பைத்தான் மொழியின் பழைய 2ஆம் பதிப்புக்கான ஆதரவைக் கைவிட்டது, 2024இன் 7.0 மாறிகளை உருவாக்கும் 'வார்' கட்டளையைக் கொண்டுவந்தது. அந்தப் பழைய பைத்தானில் ஓடும் சோதனை நிலையம் 4.1-ஐத் தாண்ட முடியாது. புதிய பதிப்பை ஓடும் லைனில் ஏற்றிப் பார்ப்பது ஆபத்து. வேறொரு கணினியில் தனிச் சூழல் அமைத்து, முதலில் 'டிரை ரன்' கொடுத்தால் அளவுக் கருவிகளைத் தொடாமலே தொடரியல் பிழைகள் தெரிந்துவிடும்.

புதிய பதிப்பிலும் கோளாறு நீடித்தால் அதைச் சுருக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். மீட்டர், ஸ்கேனர், தரவுத்தளம் என ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த மடிக்கணினியிலும் பத்து வரியில் அதே கோளாறு வரும்வரை குறைக்க வேண்டும். கழற்றும்போதே கோளாறு மறைந்தால், குற்றவாளி தொழிற்சாலையின் சொந்த நிரல் நூலகமாக இருக்க வாய்ப்பு அதிகம். லாக் கோப்பில் சீரியல் எண், வாடிக்கையாளர் பெயர், ஐபி முகவரி ஒளிந்திருக்கும். நீக்காமல் வெளியே அனுப்பக் கூடாது. மேலாளரின் அனுமதியும் முன்பே வேண்டும்.

பிறகு மூலத் திட்டம் இருக்கும் கிட்ஹப் தளத்தில் அதே புகார் ஏற்கெனவே உண்டா என்று தேடி, இல்லையென்றால் பதிப்பு எண்களோடு பதியலாம். திருத்தத்தையும் அனுப்புவதாக இருந்தால், முதலில் தோற்கும் ஒரு சோதனையை எழுதி, அது தேறும்படி நிரலை மாற்றுவது நல்லது. திட்டத்தின் அலகுச் சோதனைகளும் ஏற்புச் சோதனைகளும் முழுவதும் ஓடித் தேறிய பிறகே, திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் 'புல் ரெக்வெஸ்ட்'.

பிழை நீக்குவது மட்டுமே பங்களிப்பு அல்ல. 2022இன் 6.0 பதிப்பு தலைப்புகளைப் பிற மொழிகளில் எழுத வழிவிட்டது. அதில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. சிறிய பைத்தான் கோப்பு ஒன்றில் தமிழ்ச் சொற்களைத் தந்தால் இன்றே பயன்படுத்தலாம். சொற்களை லைனில் நிற்பவர்களிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருத்தம் ஏற்கப்பட்டாலும் அடுத்த வெளியீடுவரை காத்திருக்க வேண்டும். அதுவரை நிறுவவேண்டிய மென்பொருள்களைப் பட்டியலிடும் தேவைக் கோப்பில் பதிப்பு எண்ணைப் பூட்டி, தற்காலிக மாற்றுவழிக்குப் பக்கத்திலேயே புகார் எண்ணைக் குறித்து வைத்தால், பின்னால் வரும் பொறியாளர் அதைத் தயங்காமல் நீக்குவார்.