திறக்க மறுத்த வட்டு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

காவேரிப்பட்டினம் என்றதும் பூம்புகாரை நினைத்துக்கொள்ளும் நண்பர்கள் நம் கல்லூரியிலேயே உண்டு. நான் சொல்வது தென்பெண்ணைக் கரையில், கிருஷ்ணகிரிக்கு அருகே உள்ள எங்கள் ஊர். மாம்பழக் காலம் வந்தால் ஊரைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளின் மணம் வீட்டுக்குள் வரும். என் தாயார் அந்தப் பருவத்தில் அவ்வாலைகளுக்கு வேலைக்குச் செல்பவர். வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல். ஆகவே கணிப்பொறி பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி, மாலை வேளைகளில் நான் வேலை பார்க்கும் புகைப்பட நிலையத்தில் கற்றதுதான். அங்கே நடந்த ஒன்றை முன்வைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வைகாசியில் ஒரு திருமணத்துக்குப் படம் எடுத்தோம். இரண்டு மாதம் கழித்து மணமகளின் தந்தை திடீரென்று காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க ஒரு படம் வேண்டும் என்று அவர்களது வீட்டிலிருந்து வந்தார்கள். அவர் தனியே எடுத்துக்கொண்ட நல்ல படம் ஒன்றுகூட இல்லையாம். திருமணப் படங்களில்தான் தேட வேண்டும். கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்தடுத்த திருமணங்களுக்காக எப்போதோ அழித்துவிட்டோம். படங்கள் இருந்தது ஒரே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில். (நூல்களில் ‘வன்தட்டு’ என்று எழுதுகிறார்கள். கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) அதை டெஸ்க்டாப்பில் செருகினால் விளக்கு எரிந்தது; டக், டக் என்று ஓசை வந்தது; படம் வரவில்லை.

கடைக்காரர் தமக்குத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். “ஃபார்மேட் பண்ணுங்க, சரியாயிடும்” என்று பதில் வந்தது. “என்ன தம்பி, பண்ணிடலாமா?” என்றார் என்னிடம். “வேண்டாம் அண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. முதலாண்டில் எங்கள் வீட்டு மெமரி கார்டு ஒன்றைக் கணிப்பொறியில் செருகியபோது, ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. தமிழ்வழியில் படித்து வந்த எனக்கு அது கேள்வியாகப் படவில்லை, கட்டளையாகப் பட்டது. கீழ்ப்படிந்தேன். அக்காள் திருமணத்தில் பாட்டி பாடிய நலங்குப் பாட்டு அதில் இருந்தது. பாட்டி இப்போது இல்லை.

ஃபார்மேட் என்பது என்ன? நம் கல்லூரி நூலகத்தை நினைத்துப் பாருங்கள். எந்த நூல் எந்த அலமாரியில் என்று சொல்லும் பதிவேட்டை எரித்துவிட்டுப் புதிய வெற்றுப் பதிவேடு வைத்தால் நூல்கள் அலமாரியிலேயே இருக்கும்; ஆனால் எதுவும் இல்லாதது போலத் தோன்றும். விரைவு ஃபார்மேட் செய்வது இதைத்தான். அந்த நிலையில் நிறுத்திக்கொண்டால், மீட்பு மென்பொருள் கொண்டு பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற வாய்ப்புண்டு. முழு ஃபார்மேட் வேறு. விண்டோஸ் விஸ்டா காலம் தொட்டு அது வட்டு முழுவதிலும் சுழியங்களை எழுதிவிடுகிறது. அதாவது நூல்களையே எரித்துவிடுகிறது. நான் செய்தது விரைவு ஃபார்மேட்தான். ஆனால் அதன்பின் அதே கார்டில் நான்கு திரைப்படங்களை ஏற்றிவிட்டேன்.

இனி அந்த ‘டக் டக்’ ஓசைக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள். இன்றைய இரண்டரை அங்குல வட்டு சட்டைப்பைக்குள் அடங்கினாலும் அடிப்படை அதுதான்: சுழலும் காந்தத் தட்டும், அதன்மேல் நகரும் ஒரு முனையும். தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்கிறது. முனை அதற்கு மேல் சில நானோமீட்டர் உயரத்திலேயே மிதக்கிறது. அம்முனைகளின் நுட்பத்துக்கு வழிவகுத்த பெருங்காந்தத்தடை விளைவை 1988இல் கண்டறிந்தமைக்காக ஃபெர்ட், குருன்பெர்க் ஆகிய இருவருக்கும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் துறைக்குப் பெருமைதான்!

நிற்க. தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும். கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. இத்தகைய சிறு வட்டுக்கு அந்நொடியில் ஏறத்தாழ 1 ஆம்பியர் தேவைப்படலாம். யு.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் தர வேண்டியது 0.5 ஆம்பியர், 3.0 துளை 0.9 ஆம்பியர். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளை மதர்போர்டிலேயே இருப்பதில்லை. பெட்டிக்குள் ஒரு மெல்லிய கேபிள் வழியாகவே அதற்கு மின்சாரம் வருகிறது. வட்டின் கேபிளையும் சேர்த்து ஒரு மீட்டர் நீளம் என்று வையுங்கள். மலிவான கேபிள்களில் காணப்படும் 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. போக, வர இரண்டு கம்பிகள், ஆக 0.42 ஓம். 1 ஆம்பியர் பாய்ந்தால் ஓம் விதிப்படி 0.42 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 5 வோல்ட் 4.58 ஆகிவிடும். செருகும் இடத்தில் தூசியோ துருவோ இருந்தால் இன்னும் குறையும். மோட்டார் முழு வேகம் எட்டாது, முனை தன் இருப்பிடத்துக்குத் திரும்பும், மீண்டும் முயலும். அதுதான் டக், டக்.

வட்டைக் கழற்றி, ஒரு சாண் நீளமுள்ள வேறு கேபிளை எடுத்து, பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த நீலநிறத் துளையில் செருகினேன். ஓசை நின்றது. விரல் வைத்தால் சீரான அதிர்வு தெரிந்தது.

நல்ல மின்சாரம் கொடுத்த பிறகும் ஓசை நிற்கவில்லையென்றால் முனையோ தட்டோ பழுதாகியிருக்கலாம். அப்போது உடனே கழற்றிவிடுவது ஒன்றே செய்யத்தக்கது. மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை கூடாது; நானோமீட்டர் இடைவெளியில் நம் அறையின் தூசி ஒரு பாறை. குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற நாட்டு வைத்தியமும் உலவுகிறது. உள்ளே ஈரம் படியும் என்பதைத் தவிர அதில் வேறு பலனை நான் காணவில்லை. பெங்களூரில் மீட்பு நிலையங்கள் உள்ளன. செலவு ஆயிரக்கணக்கில் ஆகும்.

எங்கள் வட்டு சீராகச் சுழன்றும் படங்கள் வரவில்லை என்பதுதான் வியப்பு. கணிப்பொறியில் ‘ஜி’ என்ற எழுத்து தெரிந்தது. அதைத் திறந்தால் வேறு எவருடைய திருமணமோ வந்தது! கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

இங்கேதான் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதி உதவியது. விண்டோஸின் ஸ்டார்ட் பொத்தான்மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கிறது. நாம் வழக்கமாகப் பார்க்கும் சன்னல் எழுத்துகளைக் காட்டும். இது வட்டுகளையே காட்டும். எங்கள் வட்டு அதில் முழு அளவோடு, ‘ஹெல்தி’ என்ற குறிப்போடு, ‘ஜி’ என்ற எழுத்தோடு நலமாக இருந்தது. அப்படியானால் நாங்கள் திறந்த ‘ஜி’ யாருடையது? சென்ற வாரம் உள்ளறைக் கணிப்பொறியின் படங்களை இங்கிருந்தே பார்ப்பதற்காக அவற்றுக்கும் ‘ஜி’ என்று பெயர் கொடுத்திருந்தார்கள். வட்டு அப்போது செருகப்பட்டிருக்கவில்லை. எனவே அந்த எழுத்து காலியாக இருந்தது. ஒரே வருகை எண்ணில் இரண்டு மாணவர்கள். அழைத்தால் முன்வரிசைக்காரன் எழுந்து நிற்கிறான்.

வட்டின்மீது வலப் பொத்தானை அழுத்தினால் பட்டியல் ஒன்று விரிகிறது. எழுத்தை மாற்று என்பது அதில் ஒரு வரி. அதற்கு நேர் கீழே ஃபார்மேட்! இரண்டையும் ஏன் இப்படி அடுத்தடுத்து வைத்தார்களோ, எனக்கு விளங்கவில்லை. மவுஸை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல் வரியைத் தேர்ந்தேன். ‘ஜி’யை ‘எம்’ ஆக்கினேன். படங்கள் வந்தன.

அந்தப் பகுதியில் ‘ஹெல்தி’ என்பதற்குப் பதிலாக ‘ரா’ என்றோ, ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்றோ காட்டினால் கதை வேறு. பதிவேட்டைக் கணிப்பொறியால் படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். வட்டு கெட்டுத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேக் கணிப்பொறியில் தயாரித்த வட்டை விண்டோஸில் செருகினாலும் ஃபார்மேட் செய்யலாமா என்றே கேட்கும். மேக்கில் செருகினால் அதே வட்டு ஒழுங்காகத் திறக்கும். விடியோத் தொகுப்புக்குப் பெங்களூர் போய்வரும் வட்டுகளில் இது நேரக்கூடியது. கடையின் மூலையில் விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு கிடக்கும் பழைய கணிப்பொறிகளும் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளில் இடறும். ஆகவே வேறொரு கணிப்பொறியில் செருகிப் பார்ப்பது முதலிலேயே செய்ய வேண்டிய சோதனை. செக் டிஸ்க் என்னும் பழுது பார்க்கும் ஏவலையும் உடனே ஓட்டக் கூடாது. அது பதிவேட்டைத் திருத்தி எழுதும். நலிந்த வட்டை மேலும் களைப்படையச் செய்யும். படி எடுத்த பிறகு ஓட்டலாம்.

நாங்களும் முதலில் படிதான் எடுத்தோம். அந்தத் திருமணக் கோப்புறை 60 ஜிகாபைட். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் பத்து நிமிடத்தில் முடிந்தது. முன்பக்கத்து 2.0 துளையாக இருந்தால் அரை மணி ஆகியிருக்கும். வட்டின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளிலும் பார்த்தோம்; குறை ஏதும் காட்டவில்லை. கடைக்காரர் பெருமூச்சு விட்டார். நான் விடவில்லை. கூகுள் நிறுவனம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அத்தகைய முக்கிய அறிகுறிகள் நான்கில் ஒன்றைக்கூட முன்னதாகக் காட்டவில்லை என்று கண்டிருக்கிறார்கள். அன்றிரவே மற்றக் கோப்புறைகளையும் இன்னொரு வட்டுக்கு ஏற்றத் தொடங்கினோம்; விடியும்வரை ஓடியது.

பெரியவர் ஒரு படத்தில் மட்டும் நன்றாக விழுந்திருந்தார். பந்தியில் யாருக்கோ இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கச் சொல்லிக் கைகாட்டிச் சிரிக்கிறார். தோளுக்கு மேல் தனியே வெட்டி, பின்னால் இருந்த வாழைமரத்தை மங்கலாக்கி, பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் அச்சிட்டோம். காரியத்துக்கு இரண்டு நாள் முன்பாகவே வாங்கிச் சென்றார்கள்.

வட்டின் முதுகில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி ‘எம்’ என்று எழுதியிருக்கிறோம். அந்த முன்பக்கத் துளையில் இப்போது மவுஸ் மட்டும் செருகியிருக்கிறது.