சீறும் குட்டியைக் கையில் எடுக்க

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகனுக்காக கார்ன் ஸ்நேக் குட்டி ஒன்று வாங்கினோம். பெட்டிக்குள் கை நுழைந்தாலே கொத்த வருகிறது. எனக்குக் கை நடுங்குகிறது. என்ன செய்ய?

பதில்: அது கொத்துவது பயத்தால். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான்; பக்கவாட்டில், தாழ்வாகக் கொண்டுபோங்கள். இந்த இனத்துக்கு விஷம் கிடையாது. குட்டி கடித்தால் சில ரத்தப் புள்ளிகள் தெரியும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இதை மனசில் பதிய வைத்தாலே பாதி நடுக்கம் போய்விடும்.

வாங்கிய முதல் வாரம் தொடவே வேண்டாம். இரை விழுங்கி 48 மணி நேரமாவது விடுங்கள். சட்டை உரிக்குமுன் கண்ணில் நீலம் பூக்கும்; பார்வை மங்கி, எதற்கும் மிரளும். அப்போதும் வேண்டாம். கையில் எலி வாடை இருந்தால் இரையென்றே கவ்வும்.

கழுத்தை ‘எஸ்’ போல வளைத்தால் கொத்தத் தயாராகிறது. கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். அசையாமல் நின்றால் வளைவு மெல்லத் தளரும். பிறகு நடு உடம்பை இரு கைகளாலும் தாங்கி எடுங்கள். தலையைப் பிடிக்கக் கூடாது. தொடக்கத்தில் மெல்லிய கையுறை போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. ஐந்து நிமிடம் போதும். அமைதியாக இருக்கும்போதே திரும்ப விடுங்கள். கொத்தியதும் விட்டால் அதையே பழகிக்கொள்ளும். தொட்ட பிறகு மகனும் சோப்புப் போட்டுக் கைகழுவட்டும், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.