அண்ணாவியார் காத்த விசுவாசம்

"விசுவாசம் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் இடையிலுள்ள காரியம். இதில் அயல்வீட்டாருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் நம் பங்குகளில் உண்டு. இவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஞாயிறு பூசையைத் தவறவிடார். தபசு காலத்தில் ஒறுத்தல் செய்வர். ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு முந்திக்கொண்டு போவர். ஆனால் தங்கள் ஒழுங்கையில் நடக்கும் அன்பியக் கூட்டம் என்றால் மட்டும், "வேலை கிடக்குது சுவாமி" என்பார்கள். இவர்களுக்கு நம் நாட்டுத் திருச்சபையின் வரலாறே மறுமொழி சொல்லட்டும்.

மட்டக்களப்புக் கோட்டை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேரும்வரை, 29 ஆண்டுகள் யாழ்ப்பாணப் பகுதி விசுவாசிகளுக்குக் குருவில்லை. பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அன்று பிறந்த குழந்தை பிள்ளைகுட்டி பெறும் வயதுக்கு வந்துவிடும் காலம் அது.

அடிகளார் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தார். விசுவாசம் அணைந்துவிடவில்லை என்று அவ்வாறே கண்டுகொண்டார். எல்லோரும் உறுதியாய் நின்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் வெளிக்கு ஒல்லாந்தர் கோயிலில் பெயரைப் பதிந்துவிட்டு, உள்ளே பழைய செபங்களை வைத்திருந்தனர். விட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் 1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில், யாழ்ப்பாணத்தில் வீடுகளில் இரகசியமாகக் கூடியிருந்த கத்தோலிக்கர் பிடிபட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தனியே இருந்து செபித்திருந்தால் பிடிபட்டிருக்க மாட்டார்கள். அது தெரிந்தும் கூடினார்கள்.

அடிகளாருக்கு முதற் துணைக் குருக்கள் வந்து சேர ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சென்றன. அதுவரை ஒரு மனிதர் இலங்கை முழுவதற்கும் எப்படி மேய்ப்பராக இருக்க முடியும்? அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒவ்வோர் ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். ஞாயிறு தோறும் சனங்களைச் சேர்த்துச் செபம் சொல்லுவித்தல், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தல், அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுத்தல், சாகக் கிடப்பவரருகே இருந்து செபித்தல் ஆகியவை அண்ணாவியார் பொறுப்பு. குருவானவர் எப்போதோ ஒருமுறைதான் வருவார், அதுவும் இருட்டோடு. வரும்போது அங்கே ஒரு சமூகம் அவருக்காகக் காத்திருக்கும். அவர் 1711இல் கண்டியில் இறந்த பின்னரும், 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடியும்வரை, இந்த ஏற்பாடு நின்று பயன் தந்தது. 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

'அண்ணாவியார்' என்றவுடன் நம் பகுதியில் வேறொருவர் நினைவுக்கு வருவார். வடமோடியோ தென்மோடியோ, கூத்துப் பழக்குபவரும் அண்ணாவியார்தான். நல்ல பொருத்தம்! சட்டங்கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம்வரை மாதக்கணக்கில் இரவிரவாகக் களரிக்கு வரவேண்டும். ஒருவன் வராவிட்டால் அன்றிரவே தெரிந்துவிடும். தேடி ஆள் போகும். எத்தனை நல்ல குரல் இருந்தாலும், வீட்டில் தனியே பாடிப் பழகிவிட்டு அரங்கேற்றத்துக்கு வருகிறேன் என்பவனை எந்த அண்ணாவியார் ஏற்றுக்கொள்வார்? தாளமும் ஆட்டமும் மற்றவர்களோடு சேர்ந்தால்தான் படியும்.

ஆன்மீக வாழ்வும் அப்படியே. தனியே இருக்கும்போது நான் பொறுமைசாலி என்று எவரும் நினைத்துக்கொள்ளலாம். ஒரு முழ நிலத்துக்காகக் கதியாலைத் தள்ளி நட்ட அயலவர், அன்பியத்தில் எதிரே பாயில் இருந்து கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும்போதுதான் நம் பொறுமை எவ்வளவு என்று தெரியவரும். 'மன்னியும்' என்ற சொல் அப்போது வாயில் இடறும். அந்த இடறலே பாடம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பத்து நிமிடம் நான் கொடுக்கும் புத்திமதியைவிட அது கூடுதலாகப் படிப்பிக்கிறது என்பது என் எண்ணம்.

எருசலேமின் முதல் விசுவாசிகள் நான்கு காரியங்களில் நிலைத்திருந்ததாகத் திருத்தூதர் பணி நூல் கூறுகிறது: அப்போஸ்தலர் போதனை, நட்புறவு, அப்பம் பிட்குதல், செபம். நாம் பிந்திய இரண்டையும் வைத்துக்கொண்டு முந்திய இரண்டையும் கைவிட்டோம். அங்கே சண்டை இருக்கவில்லையா? இருந்தது. காணி விற்ற பணத்தில் பொய் சொன்ன அனனியாவும் அதே நூலில்தான் வருகிறான். பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசினோர் முறையிட்டதும் அங்கேதான். குறையில்லாத கூட்டம் கிடைக்கும்வரை வரமாட்டேன் என்பவர் வரவே போவதில்லை.

தாண்டவன்வெளிப் பக்கம் வாழும் நம் பறங்கிச் சகோதரர்களைப் பாருங்கள். போர்த்துக்கேயர் ஆட்சி போய் நான்கு நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. அந்த மொழிக்கு அரசும் இல்லை, பாடசாலையும் இல்லை. ஆயினும் அவர்களின் கிரியோல் பேச்சும் கத்தோலிக்க விசுவாசமும் வீட்டாலும் உறவாலும் நின்றன. 2004 சுனாமி டச்பாரில் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. இப்போது இளையவர் வாயில் அம்மொழி குறைந்துவருகிறது. பேச ஆள் இல்லாத மொழி எவ்வளவு நாள் நிற்கும்?

சிறு குழுக்களிலும் ஆபத்து உண்டு. தாமே மெய்யான திருச்சபை என்று எண்ணி, ஆயரோடும் பங்கோடும் உள்ள தொடர்பை அறுத்துக்கொள்ளக் கூடாது என்று 1975இலேயே திருத்தந்தை ஆறாம் பவுல் எச்சரித்தார். எனினும் இன்று நம்முடைய நோய் அதுவல்ல. நம்மவர் சிலர் வேறு சபைகளுக்குப் போகிறார்கள் என்று குறைப்படுகிறோம். ஏன் போனீர்கள் என்று கேட்டால், உபதேசத்தைக் காரணமாகச் சொல்பவர் குறைவு. "வருத்தமாய்க் கிடக்கக்குள்ள அவங்கதான் வந்து பார்த்தாங்க சுவாமி" என்பார்கள். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆகையால் இவ்வார அன்பியக் கூட்டத்தில், திருவசனப் பகிர்வு முடிந்ததும், உங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். மூன்று மாதமாக எந்த வீட்டார் வரவில்லை? யார் ஆஸ்பத்திரியில்? வெளிநாடு போன பிள்ளையின் தாயோடு இரவுச் செபமாலை சொல்ல யார் இருக்கிறார்? ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறவர் யார், எந்த நாளில் என்பதை அங்கேயே தீர்மானித்துக்கொண்டு எழும்புங்கள். அந்தப் பெயர்களில் கதியால் நட்ட அயலவர் பெயரும் இருந்தால், அவரிடம் போகவேண்டியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.