செக்ரோலில் இரட்டைப் பதிவைக் கண்டறிய

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ஒரே பெயருடையோர் பலர் இருத்தல் இயல்பாகையால், செக்ரோல் எனப்படும் தொழிலாளர் பட்டியலைக் கணினியில் தொகுப்போர், பெயரையன்றித் தேசிய அடையாள அட்டை எண்ணையே ஆதாரமாகக் கொண்டு எண்ணுதல் உத்தமம்.

● எண் நிரலை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றி, இடைவெளிகளை நீக்குக.

● ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணும், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணும் ஒருவருக்கே உரியனவாக இருக்கக்கூடுமாதலால், பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்தின் பின் 0 இட்டு, முன்னால் 19 சேர்த்து, இறுதி எழுத்தை அகற்றி, அனைத்தையும் ஒரே வடிவமாக்குக.

● எக்செலில் ‘கவுண்ட்இஃப்’, ஆர் மென்பொருளில் ‘டேபிள்’ என்னும் கட்டளை, ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வருகிறதெனக் காட்டும்.

● ஒருமுறைக்கு மேல் வருவனவற்றை உடனே அழித்துவிடாது, மூலப் பதிவேட்டுடன் ஒப்பிடுக. ஒரு தொழிலாளியின் ஊதியமும் சேமலாப நிதியும் அவ்வொரு வரியைப் பொறுத்தவையாதலால், இதில் அவசரம் ஆகாது.