ஹுனானில் கிடைக்காத ஹுனான் கோழி

அமெரிக்காவில் விற்கும் சீன உணவைப் பற்றி இரண்டு பேச்சுகள் உண்டு. சீனாவில் வீட்டுக்கு வீடு அதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பது ஒன்று. வெள்ளைக்காரருக்காகக் கெடுத்து வைத்த போலிச் சமையல் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்போல் பேசுவார்கள். அவர்களும் பாதிதான் சரி.

நம்பிக்கை: சாப்பாடு முடிந்ததும் தரும் ஃபார்ச்சூன் குக்கி சீனப் பண்டம்.

உண்மை: அதன் மூலம் ஜப்பான். கியோட்டோ பக்கத்தில் இன்றும் அதே வடிவில் பிஸ்கட் சுடுகிறார்கள். கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனவர்களும் ஜப்பானியர்களே. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா அவர்களை முகாம்களில் அடைத்த பிறகு, தயாரிப்பு சீனர் கைக்குப் போனது.

நம்பிக்கை: வாடிக்கையாளரின் நாக்குக்காக மட்டுமே இந்தச் சமையல் மாறியது.

உண்மை: சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1882இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை வந்தது. 1943 வரை அது நீங்கவில்லை. வணிகர் போன்ற சிலருக்கு மட்டும் வழி இருந்தது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளிகளையும் வணிகர்களாக ஏற்றுக்கொள்ள, ஊர் ஊராகச் சீன உணவகங்கள் முளைத்தன. குவாங்டோங் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கிடைத்த காயை வைத்துச் சமைத்தார்கள். தங்கள் ஊர்க் கீரைக்குப் பதிலாக அங்கே மலிந்த ப்ரோக்கோலி சட்டிக்குள் போனது. பிழைக்க வந்தவன் சமையலைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை: அஜினோமோட்டோ சேர்ப்பதால் சீனச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது.

உண்மை: நம்மூர் ஹோட்டல்களில்கூட ‘அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை’ என்று பலகை மாட்டுகிறார்கள். இந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டது 1968இல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதம். அமெரிக்காவில் இருந்த ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்து, படபடப்பு வருகிறது என்று எழுதினார். சோயா சாஸ், சமையல் மது, உப்பு என்று பலவற்றையும் சந்தேகித்தார். பழி நின்றது அஜினோமோட்டோ ஒன்றின்மேல், கூடவே ஒரு சமூகத்தின் சமையல்மேல்; சீன உணவகத்தின் பெயரிலேயே ஒரு நோய்ப்பெயரும் கிளம்பியது. 1908இல் டோக்கியோவில் கிகுனாய் இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த அந்தச் சுவைப்பொருளில் உள்ள குளூட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது, பார்மசான் சீஸிலும் இருக்கிறது. இத்தாலிய உணவகத்துக்கு யாரும் நோய்ப்பெயர் வைக்கவில்லை. எதில் கலந்திருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அந்த அறிகுறிகள் சீராகத் தென்படவில்லை. வெறும் வயிற்றில் 3 கிராமோ அதற்கு மேலோ உட்கொண்டால் சிலருக்குச் சிறிது நேரம் தலைவலி போன்ற லேசான தொந்தரவு வரலாம், அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஜெனரல் சோ கோழி, ஹுனான் மாகாணத்தின் பரம்பரைப் பண்டம்.

உண்மை: பெயருக்குரிய தளபதி சோ ஹுனான்காரர்தான், 1885இல் இறந்தும்போனார். கோழியை உருவாக்கியவர் பெங் சாங்குவெய் என்ற சமையல்காரர். 1949இல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாத அரசோடு தைவானுக்குப் போய், 1950களில் இதைச் செய்தார். அப்போது புளிப்பு, காரம், உப்பு மட்டுமே. நியூயார்க் போன பிறகுதான் சர்க்கரை சேர்ந்தது. 1990இல் அவர் ஹுனான் தலைநகர் சாங்ஷாவில் உணவகம் திறந்து, அந்தக் கோழியையும் பரிமாறினார். தித்திப்பு தூக்கல் என்று ஊர்க்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். கடையும் நெடுநாள் நிற்கவில்லை.