பாதியில் நிற்கும் புராஜெக்டுகள்

உங்கள் கம்ப்யூட்டரில் பாதியில் நிற்கும் புராஜெக்டுகள் எத்தனை? பெயர் மட்டும் வைத்த கேம், முகப்புப் பக்கத்தோடு நின்றுபோன இணையத் தளம் என்று கல்லூரி மாணவர்கள் பலரிடம் இருக்கும். வீட்டில் இதைச் சோம்பல் என்பார்கள். பல நேரங்களில் அது சோம்பல் அல்ல, "நான் செய்தால் நன்றாக வருமா?" என்ற சந்தேகம்.

"என்னால் முடியும்" என்ற நம்பிக்கை பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விரிவாக எழுதினார். பிறர் தட்டிக் கொடுப்பதைவிட, நாமே ஒன்றைச் செய்து முடிக்கும்போதுதான் அது அதிகம் வளரும் என்றார். சிக்கலே இங்குதான். தள்ளிப்போடுபவருக்கு முடித்த அனுபவமே கிடைப்பதில்லை, சந்தேகம்தான் வளர்கிறது. புதிதாகப் படைக்க முடியும் என்று நம்பும் ஊழியர்களே வேலையிலும் புதுமை காட்டுகிறார்கள் என்று 2002-இல் டியர்னி, ஃபார்மர் இருவரும் கண்டனர்.

லினக்ஸ் நினைவிருக்கிறதா? ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் 21 வயதில், பொழுதுபோக்குக்காகத்தான் எழுதுகிறேன் என்று சொல்லியே அதை அறிவித்தார். செப்டம்பரில் வெளியிட்ட பதிப்பின் எண் 0.01. கம்பைல் செய்யக்கூட மினிக்ஸ் தேவைப்பட்டது! 1.0 வந்தது 1994-இல்தான்.

யோசனை ஊறட்டும் என்று இரண்டு நாள் விட்டு வைப்பதில் தவறில்லை. ஆனால் ஊறுவதற்கு முதலில் எதையாவது போட்டிருக்க வேண்டுமே! கேம் என்றால், இன்று திரையில் ஒரு பந்து நகர்ந்தால் போதும். 0.01 என்று பெயரிட்டுச் சேமித்து, நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள்.